சென்னை மாதிரி வேண்டாம், செட்டிபாளையம் மாதிரி கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கார்ப் பந்தயம் பற்றி அண்மையில் உங்கள் பத்திரிகையில் இரண்டு வாசகர் கடிதங்கள் வந்தன. ஒன்று ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியது. 2024இல் தியத்தலாவைக் கார்ப் பந்தயத்தில் கார் சனத்துக்குள் பாய்ந்து ஏழு பேர் செத்த பிறகும் இந்த விளையாட்டு நாட்டுக்குத் தேவையா என்று கேட்டிருந்தார். மற்றதை எழுதியவர் இளைஞர். சென்னையில் நடு நகரத்து வீதிகளை மூடி இரவில் லைட் போட்டு ரேஸ் ஓடினார்களே, அதே மாதிரி திருகோணமலையில் உள்துறைமுக வீதியையும் டொக்யாட் வீதியையும் ஒருநாள் மூடிவிட்டால் எவ்வளவு சனம் வரும், ஹோட்டல்காரருக்கு எவ்வளவு வருமானம் என்று எழுதியிருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே கடிதத்தில் பதில் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இருவரும் எதிரெதிர்ப் பக்கம் நின்றாலும் பந்தயம் என்றால் ஒருநாள் கூத்து என்றுதான் இருவருமே எண்ணுகிறார்கள்.

நான் திருகோணமலையில் உவர்மலைப் பக்கம் கராஜ் வைத்திருப்பவன். ரேஸ் ஓடியவன் இல்லை. ரேஸுக்குப் போகிற கார்களின் எஞ்சினைக் கழற்றிப் பூட்டியிருக்கிறேன், கட்டுக்குருந்தைப் பந்தயத் திடலுக்கு கார் ஏற்றிக்கொண்டு போகிறவர்களுடன் ஸ்பனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன், அவ்வளவுதான் என் தகுதி.

முதலில் அந்த இளைஞருக்கு, தம்பிக்கு. சென்னையில் நடந்தது 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய இரண்டு நாள். தீவுத்திடலைச் சுற்றி, அண்ணா சாலை, சிவானந்தா சாலை எல்லாம் சேர்த்து ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர். இது 2023 டிசம்பரில் நடந்திருக்க வேண்டியது, மிக்ஜாம் புயல் வந்து சென்னையை மூழ்கடித்ததால் தள்ளிப்போனது. நடுவில் உயர்நீதிமன்றத்தில் வழக்கு. கடைசியில் பந்தய நாள் வந்த பிறகும் சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் கையில் கிடைக்கத் தாமதமாகி, சனம் வந்து உட்கார்ந்திருக்க, கார்கள் காத்துக்கொண்டு நின்றன. மாநில அரசே முன்னுக்கு நின்று, பெரிய பணம் போட்டு, வீதி நெடுக கொங்கிறீட் சுவரும் அதற்கு மேலே கம்பி வலையும் வைத்துச் செய்த வேலைக்கே அந்தப் பாடு. ரேஸ் முடிந்ததும் சுவர்களைக் கழற்றி லொறியில் ஏற்றினார்கள், பிறகு அதே வீதியில் பஸ் ஓடியது. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சென்னைக்கு அது கட்டுப்படியாகும். அந்த ஊருக்குப் பின்னால் எழுபது வருடப் பழக்கம் இருக்கிறது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுபாதையில் பல வருடம் பந்தயம் நடத்தியது, நம் நாட்டுச் சாரதிகளும் அங்கே போய் ஓடியிருக்கிறார்கள். அப்புறம் 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் திடல். இவ்வளவும் இருந்த ஊர்தான் ஒரு கொண்டாட்டமாக வீதியில் ஓட்டிப் பார்த்தது. நம்மிடம் இருப்பது வீதி மட்டும்தான், அதிலும் பாதி இடத்தில் குழி.

சென்னையைவிட நமக்குப் பொருந்துவது கோயம்புத்தூர். அங்கே ஊருக்கு வெளியே செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று ஒரு திடல், 2003இல் திறந்தது. சுற்று இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். போர்முலா வன் காரை அங்கே கொண்டுவந்து ஓட்ட முடியாது, யாரும் அதற்கு ஆசைப்படவும் இல்லை. பி. விஜயகுமார் என்ற முன்னாள் பந்தயக்காரர் கட்டியது, கரிவரதனின் பெயரை வைத்தார். இந்தக் கரிவரதனைப் பற்றி நம் பக்கத்தில் அதிகம் பேருக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டும். மில் முதலாளி வீட்டுப் பிள்ளை, தானே ஓட்டியவர், ஆனால் அவர் செய்த பெரிய காரியம் வேறு. வெளிநாட்டு ரேஸ் காரை வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்காக, மாருதி 800 காரின் எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கை ரேஸ் காரில் பூட்டினார். மூன்று சிலிண்டர் எஞ்சின், நம் ஊரில் எந்தக் கராஜிலும் கண்ணை மூடிக்கொண்டு இறக்கி ஏற்றுவார்கள். அதை வைத்து ஒரு தலைமுறை பந்தயம் கற்றுக்கொண்டது. 1995இல் விமான விபத்தில் அவர் போய்விட்டார், ஆனால் அந்த யோசனை சாகவில்லை. இப்போது கோவையில், ஊர் ஊராகப் பல சுற்றாக நடக்கிற தேசியப் பந்தயத் தொடர் நடக்கும்போது ஓடுகிற எல்ஜிபி போர்முலா 4 என்ற பிரிவைப் பாருங்கள், எல்லாக் காருக்கும் ஒரே மாதிரி அடிச்சட்டகம், ஒரே மாதிரி சுசுகி எஞ்சின். யாருடைய அப்பாவிடம் பணம் அதிகம் என்பது அங்கே முழுக்க எடுபடாது, கார் ஒன்றாக இருக்கும்போது காலும் கையும்தான் வித்தியாசம் காட்டும்.

ஆசிரியை அம்மா இதைப் 'பணக்காரர் விளையாட்டு' என்று எழுதியிருந்தார். பெரும்பாலும் உண்மைதான், மறுக்கமாட்டேன். ஒரு செட் ரேஸ் ரயரின் விலை கேட்டால் எனக்கே தலைசுற்றும். ஆனால் அதைக் கொஞ்சமாவது கீழே இறக்கியவர்கள் இருக்கிறார்கள், அதற்கு ஒரு வழியும் இருக்கிறது என்பதற்காகத்தான் கரிவரதனை இழுத்தேன்.

இங்கே இடையில் ஒன்று. நரேன் கார்த்திகேயன் செட்டிபாளையத்தில் உருவானவர் என்று என் கராஜுக்கு வருகிற பெடியள் சொல்லித் திரிகிறார்கள். அப்படியில்லை. அவர் கோவைக்காரர்தான், 2005இல் ஜோர்டன் அணியில் ஓடி போர்முலா வன்னுக்குப் போன முதல் இந்தியர்தான், ஆனால் அவர் தொடங்கிய காலத்தில் இந்தத் திடலே கிடையாது. அவருடைய தகப்பனார் ரலி ஓட்டியவர். அதாவது அந்த ஊரில் முதலில் ஆட்கள் இருந்தார்கள், கராஜ் இருந்தது, கடைசல் பட்டறை இருந்தது, பம்பு மோட்டாரும் நூல் மில் இயந்திரமும் செய்து பழகிய கைகள் இருந்தன, திடல் பிறகுதான் வந்தது. சும்மா கிடக்கிற காணியில் தார் ஊற்றிவிட்டால் நரேன் முளைப்பார் என்று நினைத்தால் அது நடக்காது. மறுபக்கத்தில் டெல்லிக்குப் பக்கத்தில் புத் சர்வதேசத் திடலைப் பாருங்கள். கோடிக்கணக்கில் கொட்டிக் கட்டினார்கள், 2011, 2012, 2013 என்று மூன்று வருடம் போர்முலா வன் வந்தது, பிறகு வரிப் பிரச்சினை, அது இது என்று நின்றுபோனது. சின்னச் செட்டிபாளையத்தில் கார் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஒரு தேசியத் தொடர் அப்படி ஒரு சிறிய ஊர்த் திடலுக்கு வந்தால் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், தம்பியும் ஆசிரியையும் வேறு மாதிரி யோசிப்பார்கள். கொடி அசைந்து கார் பறக்கிற அந்தச் சில நிமிடம்தான் போனில் தெரிகிறது. அதற்கு முதல் நாளே கார்களை வரிசையில் நிறுத்திப் பரிசோதனை. சாரதியைச் சுற்றியுள்ள பாதுகாப்புக் கூண்டுக் கம்பி வெல்டிங் சரியா, சீற் பெல்ட் காலாவதியாகவில்லையா, பெற்றோல் லைன் எங்கே போகிறது, தீயணைப்பான் இருக்கிறதா, பற்றரி இறுகப் பூட்டியிருக்கிறதா. ஒன்று பிழையாக இருந்தாலும் கார் ஓடாது, எவ்வளவு பெரிய ஆளுடையது என்றாலும் ஓடாது. அப்புறம் பயிற்சி ஓட்டம், தகுதிச் சுற்று, அதன் பிறகுதான் பந்தயம். ஒவ்வொரு வளைவிலும் கொடி பிடிக்கிற ஆட்கள். மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே. சிவப்புக் கொடி என்றால் ஓட்டம் நின்றது. திடலுக்குள் அம்புலன்ஸும் டொக்டரும் இல்லாமல் காரை வெளியே விடமாட்டார்கள். அம்புலன்ஸ் ஒரு காயக்காரரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால், மாற்று அம்புலன்ஸ் வரும்வரை அடுத்த ஓட்டம் தொடங்கக்கூடாது. இவ்வளவு வேலைக்கும் ஆள் வேண்டும், அந்த ஆட்கள் ஒவ்வொரு தடவையும் தலைநகரத்திலிருந்து வர முடியாது. வருடா வருடம் தொடர் வரும் ஊரில் கொடி பிடிக்கத் தெரிந்த, கவிழ்ந்த காரிலிருந்து கழுத்து அசையாமல் சாரதியை எடுக்கத் தெரிந்த, நேரம் குறிக்கத் தெரிந்த உள்ளூர் ஆட்கள் உருவாவார்கள். ஒருநாள் வந்துபோகிற கூத்தில் நம் ஆட்களுக்குக் கிடைப்பது கச்சானும் சோடாவும் விற்கிற வேலை மட்டும்தான்.

சரி, ஆசிரியை அம்மாவுக்கு வருகிறேன். 2024 ஏப்ரல் 21, தியத்தலாவை பொக்ஸ்ஹில். ஐந்து வருட இடைவெளிக்குப் பிறகு நடந்தது, சனம் அலைமோதியது. ஒரு கார் கவிழ்ந்து கிடக்க, மஞ்சள் எச்சரிக்கை காட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கார் பாதையை விட்டு விலகிச் சனத்துக்குள் பாய்ந்தது. ஏழு பேர் செத்தார்கள், அதில் எட்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்று. காயப்பட்டவர்கள் இருபதுக்கு மேல். அந்த வீடியோவை நானும் பார்த்தேன், திரும்பப் பார்க்க மனம் வரவில்லை. அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் கோபத்தை எங்கே திருப்புவது என்பதில்தான் எனக்கு அவரோடு சண்டை. காருக்குக் கட்டுப்பாடு போகும், அது பந்தயத்தில் நடக்கத்தான் செய்யும், மழையில் கன்னியா வீதியிலும் நடக்கும். கட்டுப்பாடு போன கார் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் வளைவின் வெளிப்பக்கம், பிரேக் பிடித்தும் திரும்பாமல் நேராகப் போகிற அந்தப் பக்கம். அங்கே மனிதர் நிற்கக்கூடாது. நிற்க வேண்டுமென்றால் காரை நிறுத்தக்கூடிய ஏதாவது நடுவில் இருக்க வேண்டும். ஒரு கயிறும் நாலு பொல்லும் ஆளைத்தான் தடுக்கும், காரைத் தடுக்காது. வேகம் இரண்டு மடங்கானால் மோதுகிற சக்தி நாலு மடங்காகும் என்று சாதாரண தரத்திலேயே படிப்பிக்கிறோம், படிப்பித்தவரே ஆசிரியை அம்மாவாகவும் இருக்கலாம். ஐம்பதில் வந்து முட்டுகிற காரைத் தாங்குகிற வேலி நூறில் வருகிற காருக்குத் தடுப்பே இல்லை.

1955இல் பிரான்சில் லு மான் பந்தயத்தில் கார் ஒன்று சிதறிச் சனத்துக்குள் விழுந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதற்குப் பிறகு சுவிட்சர்லாந்து தன் நாட்டில் சுற்றுத்திடல் கார்ப் பந்தயத்தையே தடைசெய்தது, தடை அறுபது வருடத்துக்கு மேல் இருந்தது. மற்ற நாடுகள் மெதுவாக, இன்னும் பல பேரைப் பலி கொடுத்துத்தான், சுவரும் வலையும் மணல் படுகையும் வைக்கக் கற்றுக்கொண்டன. சுவிஸ் மாதிரித் தடை போடலாம், அதுவும் ஒரு முடிவுதான். ஆனால் சுவிஸ் வீதிகளில் பொலிஸ் எப்படி, நம் நிலாவெளி வீதியில் இரவு பதினொரு மணிக்கு எப்படி என்பதையும் யோசிக்க வேண்டும். சைலன்சரை வெட்டித் தாருங்கள் அண்ணை என்று வருகிற பெடியளை நான் திருப்பி அனுப்புகிறேன், இன்னொரு இடத்தில் போய் வெட்டிக்கொண்டு அதே இரவு என் வீட்டு வாசலால்தான் போகிறார்கள். திடல் வந்துவிட்டால் இவர்கள் எல்லோரும் வீதியை விட்டுவிடுவார்கள் என்று பொய் சொல்லமாட்டேன். சிலர் விடுவார்கள், சிலர் விடமாட்டார்கள்.

இப்போது நம் நாட்டுத் தொடரைப் பார்ப்போம். நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயம் 1934இலிருந்து நடக்கிறது, ஏப்ரல் சீசன் என்றால் அது இல்லாமல் இல்லை. களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தை, அதுவும் சோழவரம் மாதிரியே போர்க்கால விமான ஓடுபாதை, வெள்ளைக்காரக் கடற்படை போட்டது. தியத்தலாவை, அநுராதபுரத்துச் சாலியபுரம், பண்டாரகம. இவற்றில் நமக்குக் கிட்டியது சாலியபுரம்தான், நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மற்ற இடத்துக்கெல்லாம் போவதென்றால் காரை லொறியில் ஏற்ற வேண்டும், இரண்டு மெக்கானிக், சாப்பாடு, தங்குமிடம், அதற்கே ஒரு எஞ்சின் வாங்கலாம். கிழக்கிலிருந்து ஓட ஆசைப்படுகிறவன் பந்தயத்தில் தோற்பதற்கு முன்பே ஹபரணைச் சந்தியில் பெற்றோல் செலவில் தோற்றுவிடுகிறான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரி வரை தனியார் கார் வரவில்லை, இடையில் 2022இல் பெற்றோலுக்குக் கியூஆர் கோட்டா, பழைய போர்ட் லேசர் கார்கூட தங்க விலைக்குப் போனது. லேசரும் மஸ்டாவும் ஓடுகிற பிரிவு நம் நாட்டுப் பந்தயத்தில் பல வருடமாக இருக்கிறது, ஏழை எளியவன் இல்லாவிட்டாலும் நடுத்தரத்துக்காரன் கனவு காணக்கூடிய பிரிவு அது ஒன்றுதான், அதற்கும் இந்தக் கதி.

ஆகவே தேசியத் தொடரின் ஒரு சுற்று கிழக்குக்கு வர வேண்டும் என்று கேட்பதில் நான் தம்பியின் பக்கம். எங்கே என்பதில்தான் பிரச்சினை. பந்தயத் திடல் எல்லாம் பழைய விமானத்தளம் என்றால் நம்மிடம் சீனன்குடா இருக்கிறதே என்று யாரும் கிளம்ப வேண்டாம். அது இன்றைக்கும் இயங்குகிற விமானப்படைத் தளம், பக்கத்தில் போர்க்காலத்து எண்ணெய்த் தாங்கிகள் தொண்ணூற்றொன்பது. அந்த இடத்தில் ரேஸ் கேட்கிறவருக்கு நான் ஒரு கும்பிடு போடுவேன். அதேபோல சனத்தின் வயல் காணியையோ மாட்டுக்காரரின் மேய்ச்சல் தரையையோ 'அபிவிருத்தி' என்று வளைத்துத் திடல் கட்ட யாராவது வந்தால், முதல் ஆளாக எதிர்த்துக் கையெழுத்து வைப்பவன் நானாகத்தான் இருப்பேன். இந்த மாவட்டத்தில் காணி என்றால் என்ன என்று வெளியூர்க்காரருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பிரச்சினையில்லாத அரச தரிசு நிலம் ஒன்று, பிரதேச சபை மூலம், மூவினத்தவரும் ஒத்துக்கொண்டு கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் பொறுத்திருப்போம்.

கிடைத்தாலும் முதல் வருடமே தேசியச் சுற்று வேண்டாம். ஒரு தட்டையான மைதானத்தில் கூம்பு வைத்து, ஒரு நேரத்தில் ஒரு காராக, நேரம் குறித்து ஓடுகிற சின்னப் போட்டியில் தொடங்கலாம். வேகம் குறைவு, காரும் காரும் உரசாது. அதில் நம் ஆட்கள் கொடி பிடிக்கவும் கார் பரிசோதிக்கவும் பழகட்டும். விதிப் புத்தகத்தைத் தமிழில் அச்சடித்துத் தரட்டும். திடலில் அறிவித்தல் மூன்று மொழியிலும் ஒலிக்கட்டும், "பின்னுக்குப் போங்கோ" என்பது புரியாத மொழியில் காதில் விழுந்து என்ன பிரயோசனம்? கிறவல் தரை என்றால் தண்ணீர் பவுசர் ஓயாமல் அடிக்க வேண்டும், புழுதியில் மஞ்சள் கொடி தெரியாது. காலத்தையும் பார்க்க வேண்டும். நவம்பர், டிசம்பரில் இங்கே மழை. ஏப்ரல் நுவரெலியாவுக்குப் போய்விட்டது. ஜூன், ஜூலையில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அனலாய் அடிக்கும், எஞ்சின் கொதிக்கும், சனமும் கொதிக்கும், ஆனால் மழை அதிகம் வராது. நோன்பையும் கோயில் திருவிழாவையும் தவிர்த்து நாள் குறித்தால் போதும். அம்புலன்ஸை ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரக்கூடாது, நடத்துகிறவர்கள் தங்கள் செலவில் தனியாகக் கொண்டுவர வேண்டும். மூதூரில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி அம்புலன்ஸுக்குக் காத்திருக்க, இங்கே அது ரேஸ் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒரு குறை. விளையாட்டுப் பக்கத்தில் கிரிக்கெட் போக மிச்ச இடத்தில் கால்பந்து வருகிறது, கரப்பந்து வருகிறது, மோட்டார் பந்தயம் ஆள் செத்தால் மட்டும் முன்பக்கத்தில் வருகிறது. கட்டுக்குருந்தையில் யார் வென்றார், எந்தப் பிரிவில், என்ன காரில் என்று இரண்டு பந்தி போடுங்கள். அடுத்த தடவை எங்கே பந்தயம் நடந்தாலும் நிருபரை அனுப்புங்கள், வெற்றிக் கிண்ணத்தைப் படம் எடுக்க முன்பு வளைவின் வெளிப்பக்கத்தை ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். அங்கே சனம் நிற்கிறதா, நின்றால் என்ன தடுப்பு இருக்கிறது என்று அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும்.

திருகோணமலைக்கு எப்போதாவது ஒரு சுற்று வந்தால், கார் ஓட முதல் திடலைச் சுற்றிப் பார்க்க அந்த ஆசிரியை அம்மாவையே கூப்பிட வேண்டும் என்பது என் விருப்பம். அவர் போதாது என்று சொன்னால் போதாதுதான். ரயர்ச் சுவர் கட்ட என் கராஜுக்குப் பின்னால் பழைய ரயர் நிறையக் கிடக்கிறது, சும்மா எடுத்துக்கொண்டு போகலாம். மூன்று வரிசையாக ஒன்றோடொன்று போல்ட் போட்டு இறுக்க வேண்டும், தனித்தனியாக அடுக்கினால் கார் பட்டதும் சிதறிவிடும். ஒவ்வொரு ரயரிலும் கீழே துளை போட்டுத்தான் தருவேன், இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கி டெங்கு பரவும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தண்டப்பத்திரத்தை எனக்குத்தான் எழுதுவார்.

இப்படிக்கு,
உவர்மலை கராஜ்காரர் ஒருவர்,
திருகோணமலை.